தப்புச் சொன்னவன் நிற்க வேண்டும்

மணிக்கு என் ஆசீர்வாதம். டில்லிக் குளிருக்கு ரஜாய்ப் போர்வை போதுமா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. அவளுக்கு என்மேல் கோபத்தைத் தவிர வேறு குறை இல்லை. அந்தக் கோபம் நியாயமானது என்று தெரிந்துபோனதால்தான் இன்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அப்புறம் படுக்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ டில்லி போன இந்த இரண்டு வருஷமும் உனக்கு இங்கிலீஷிலேயே எழுதிவந்தேன். இது தமிழில் வருவதைப் பார்த்து வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துவிடாதே. இங்கிலீஷில் எழுதினால் ஒவ்வொரு சொல்லையும் போட்டுவிட்டு, இதற்குப் பின்னால் 'டு' வருமா, 'இன்' வருமா என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முப்பது வருஷப் பழக்கம் அது. அப்படி நின்று நின்று, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எத்தனையோ கடிதங்களை முடித்திருக்கிறேன். இந்த மார்ச்சோடு ஆபீஸுக்கும் எனக்கும் உள்ள பந்தம் தீர்கிறது. நிஜத்தைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது, மணி. ஒன்றே ஒன்றைத் தவிர எதற்கும் இப்போது தெம்பில்லை. அந்த ஒன்றை மட்டும் இந்தக் கடிதத்தில் முடித்துவிட வேண்டும்.

போன மாதம் நீ லீவில் வந்தபோது செம்பூருக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். திரும்பி வந்ததும் பால்கனியில் உன்னைக் கூப்பிட்டு, "என்னடா, பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். நீ கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரிப்பா" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே போய் அம்மாவிடம் பையன் சம்மதித்துவிட்டான் என்றேன். உன்னை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், அப்போது அம்மா ஆரம்பித்தாள். "அவன் சரின்னான், நீங்க கேட்டுண்டேள். அன்னிக்கு அவன் ரசத்தோட எழுந்துட்டான், மோருக்கு உக்காரலை. அதை நான்னா பார்த்தேன்" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் விடவில்லை. "எதைக் கேட்டாலும் சரிப்பா, சரிப்பாங்கறானே, இதை அவனுக்கு யார் கத்துக்குடுத்தா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதில் தெரியாது. அவள் சும்மா ஆற்றாமையில் கேட்டாள். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். நம் எட்டே முக்கால் மணி ரயில் வண்டியில்தான் நீ அதைக் கற்றுக்கொண்டாய். கற்றுக்கொடுத்தவன் நான்.

அந்த வண்டியை நினைத்துப் பார். யுத்த காலம். நீ காலேஜில் முதல் வருஷம், பதினாறு வயசு. காலேஜ் பம்பாய்க் கோட்டைப் பக்கம் என்பதால் என்னோடே மாட்டுங்காவில் ஏறுவாய். என்ஜினிலிருந்து நாலாவது பெட்டி, இடது பக்கத்து இரண்டு பெஞ்சு, அது எங்கள் கோஷ்டிக்குச் சொந்தம் மாதிரி. எல்லாரும் ஏதாவது ஒரு ஆபீஸில் டிராஃப்ட் எழுதிப் பிழைக்கிறவர்கள். சீட்டு விளையாடுகிற கோஷ்டி உண்டு, பஜனை பாடுகிற கோஷ்டி உண்டு. எங்களுக்கு வால் மேட்ச். இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால் ஒட்டவேண்டிய 'டு', 'இன்', 'ஆஃப்', 'வித்' எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்த பெயர் வால். எந்த வார்த்தைக்கு எந்த வால் என்று தெரியாதவன் டிராஃப்ட் எழுத லாயக்கில்லை என்பது எங்கள் கொள்கை. தாதரில் ஒருவர் வார்த்தையைப் போடுவார். பைகுலா வருவதற்குள் மற்றவர்கள் வாலைச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்வது நான். தப்புச் சொன்னவன் எழுந்து, இறங்குகிற வரைக்கும் நிற்க வேண்டும். வேறு தண்டனை கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்து நிற்பது லேசான காரியமா? பார்க்கிற மராட்டிக்காரனுக்கும் குஜராத்திக்காரனுக்கும் கூட, இந்த மதராஸி இன்றைக்கு எதிலோ தோற்றுவிட்டான் என்று தெரிந்துவிடும்.

சுடலைமுத்துவை நீ மறந்திருக்கமாட்டாய். தாராவியில் இருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மஸ்ஜித் ஸ்டேஷன் அருகே ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் பில் எழுதுகிற வேலை. எட்டாவதுக்கு மேல் படித்தவரில்லை. இங்கிலீஷைப் பழைய புஸ்தகக் கடையில் வாங்கிய இலக்கணப் புஸ்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தானே கற்றுக்கொண்டவர். நமக்கு முந்தின ஸ்டேஷனான சயானில் அவர் ஏறுவார். ஏறினதும் ஜன்னலோரத்து இடத்தில் தன் குடையை நீட்டி வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் உட்காருவார். குடை எனக்காக. மாட்டுங்காவில் நான் ஏறினால் குடையை எடுத்துக்கொண்டு, "வாங்கய்யா" என்பார். என்றைக்காவது நான் அதற்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. அவர் மேட்ச்சில் அதிகம் பேசமாட்டார். நான் தீர்ப்புச் சொல்வதைப் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வார்த்தை போட்டது நான்தான். மேட்ச் கூட இல்லை, வெறும் பீற்றல். முந்தின நாள் எங்கள் துரைக்கு நான் எழுதிக்கொடுத்த ஒரு கடிதத்தை அவன் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டிருந்தான். அதிலே ஒரு வாக்கியத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக் காட்டினேன். அதில் 'அக்வியெஸ்' என்று ஒரு வார்த்தை. மனசுக்கு ஒப்பாவிட்டாலும் எதிர்த்துப் பேசாமல் இணங்கிப் போவது என்று அர்த்தம். ஆபீஸ் கடிதங்களுக்கு மிகவும் ஏற்ற வார்த்தை. அதற்கு நான் 'டு' என்று வால் வைத்திருந்தேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சுடலைமுத்து மட்டும், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அதுக்கு 'இன்' இல்லைங்களாய்யா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். நான்தான் அதைக் கோஷ்டிக்கு முன்னால் இழுத்தேன். "என்னது, இன்னா? தோல் மண்டி இங்கிலீஷ் இது போலிருக்கு" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. "புஸ்தகத்துல பாத்த ஞாபகம்யா" என்றார்.

கணக்கு ஆபீஸ் வெங்குட்டு சும்மா இருந்திருக்கலாம். "எதுக்கு ஓய் தர்க்கம்? உம்ம பிள்ளையே பக்கத்துல உக்காந்திருக்கான். காலேஜ் பையன், புதுசாப் படிக்கிறவன். அவனைக் கேட்டா ஆச்சு" என்றான். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். மணி, அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். 'இன்' சரியா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் முந்தின வாரம்தான் நீ வீட்டில் அந்தப் பட்டியலை உரக்க நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாய். ஆகவே உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். நீ வாயைத் திறந்தாய். உன் உதடு எந்த எழுத்துக்குப் போகிறது என்று பார்த்தேன். உடனே உன்னை ஒரு பார்வை பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன். அடிக்கவில்லை, அதட்டவில்லை. நான் எப்படிப் பார்த்தேன் என்பது உனக்குத்தான் தெரியும், எனக்கு என் முகம் தெரியாது. நீ வாயை மூடி மறுபடி திறந்து, "டு தான்" என்றாய்.

சுடலைமுத்து எழுந்து நின்றார். பைகுலாகூட வரவில்லை அப்போது, சிஞ்ச்போக்லியிலேயே எழுந்துவிட்டார். உன் தோளைத் தட்டி, "தம்பி சொன்னா சரிதான்" என்றார். மஸ்ஜித் வரைக்கும் நின்றுகொண்டே வந்து, எப்போதும்போல, "வாறேன்யா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். நாம் இரண்டு பேரும் போரிபந்தரில் இறங்கி, நீ காலேஜுக்கும் நான் ஆபீஸுக்குமாகப் பிரிந்தோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து உன் இலக்கணப் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'இன்' என்றுதான் போட்டிருந்தது. அந்த இடத்தில் நீ பென்சிலால் கோடுகூடப் போட்டு வைத்திருந்தாய். நிமிர்ந்தபோது நீ வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது "நான் சொன்னது தப்புடா" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. நான் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, "காப்பி ஆச்சா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். மறுநாளிலிருந்து எட்டரை வண்டிக்குப் போகலாம், கூட்டம் குறைவு என்றேன். "சரிப்பா" என்றாய். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் சரிப்பா.

அதற்கப்புறம் ஒரு மாசம் சுடலைமுத்து எட்டே முக்கால் வண்டியில் அந்த ஜன்னலோரத்தில் குடையை வைத்துக்கொண்டே வந்தாராம். வெங்குட்டு ஒருநாள் ஆபீஸ் பக்கம் பார்த்தபோது சொன்னான், மாட்டுங்கா தாண்டின பிறகுதான் குடையை எடுப்பாராம். எனக்கு எட்டரை சௌகரியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மனுஷன் வெட்கத்தை மறைக்க வண்டியைக்கூட மாற்றுவான் என்பதை என்னைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

உன் கதையைச் சொல்கிறேன். நீ கணக்குப் படிக்க ஆசைப்பட்டாய் என்று உன் புரொபசர் எனக்குச் சொல்லித்தான் தெரியும். நான் காமர்ஸ் என்றேன், சரிப்பா. பம்பாயிலேயே வேலை கிடைத்தது, நான் டில்லி செக்ரடேரியட் என்றேன், சரிப்பா. சிநேகிதர்களோடு எங்கோ மலைக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தாய், வேண்டாம் என்றேன், மூட்டையைப் பிரித்துத் துணியை மடித்து உள்ளே வைத்தாய். ஒருநாளாவது முகத்தைச் சுளித்ததுண்டா? நானும், என் பிள்ளை சொன்ன சொல்லைத் தட்டமாட்டான் என்று மாட்டுங்கா முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ எனக்கு அடங்கி நடந்தாய் என்று நினைத்திருந்தேனே, நீ அந்த வண்டியில் உட்கார்ந்தபடியே இத்தனை வருஷமும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவந்திருக்கிறாய்.

அம்மா அப்படிக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவிக்கு நடந்தேன். அரை மணி நடைதான், இந்த முழங்காலுக்கு முக்கால் மணி. கம்பெனி தாராவியிலேயே கிடங்கு போட்டுவிட்டதால் அவருக்கு இப்போது வண்டி ஏறுகிற வேலையில்லை என்று வெங்குட்டு சொல்லியிருந்தான். தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவன்தான் நான். அன்றைக்குப் பொத்திக்கொள்ளவில்லை, அது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. கிடங்குக்கு மேலே ஒரே அறை, ஏணி மாதிரிப் படி. நான் படியில் பாதி ஏறும்போதே அவர் பார்த்துவிட்டார். "ஐயோ, ஐயாவா! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பம்லா" என்று இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றினார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இருந்த ஒரே ஸ்டூலை எனக்குப் போட்டுவிட்டுத் தான் பெட்டிமேல் உட்கார்ந்தார். முதலில் கேட்டது உன்னைப் பற்றித்தான். தம்பி டில்லியில் பெரிய ஆபீஸில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அதை அவளிடமும் சொன்னார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்க மூச்சும் இல்லை. அந்த 'அக்வியெஸ்' ஞாபகம் இருக்கா என்றேன். "இல்லாம என்னய்யா" என்று எழுந்துபோய் மாடத்திலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்துவந்தார். யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காமல், தோல் பில்லுகளின் பின்பக்கத்தை வைத்துத் தைத்துக்கொண்ட நோட்டு. பக்கத்தைத் தேடவே இல்லை, விரல் தானாகப் போனது. அந்த வார்த்தைக்கு எதிரே 'இன்' என்று அழகாக எழுதி, அதை ஒரே கோட்டில் அடித்து, 'டு' என்று திருத்தியிருந்தார். அதற்குக் கீழே தமிழில் பொடி எழுத்தில், "மாட்டுங்கா ஐயா சொன்னது. தம்பியும் சொன்னது" என்று இருந்தது.

"முதல்ல எழுதினதுதான் சரி, முத்து. எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்" என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்பிடியாய்யா? நான் அந்தப் புஸ்தகத்துல அச்சுத் தப்பாக்கும்னுல்லா இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஒங்களை மட்டும்னா ஒரு சந்தேகம் இருந்திருக்கும்யா. பெரியவங்களுக்கு மறதி வரும்லா. தம்பி சொன்னாருல்லா, அதான் அடிச்சேன். பச்சைப் பிள்ளை எதுக்குய்யா பொய் சொல்லப் போவுது?"

மணி, முப்பது வருஷம் துரைகளிடம் பாட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படிக் குத்தினதில்லை. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. "என்னய்யா, கெளம்பிட்டியளா?" என்றார். "தப்புச் சொன்னவன் நிக்கணும்னு வழக்கம் உண்டே" என்றேன். "அட, உக்காருங்கய்யா, கால் வலிக்கப் போவுது" என்று பதறிக் கையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. அவர் வீட்டுக்காரி கொண்டுவந்த டீயை நின்றுகொண்டே குடித்தேன். அவர் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார், நானே திருத்தட்டும் என்று. 'டு'வை அடித்து, மறுபடி 'இன்' என்று எழுதினேன். கீழே எழுதியிருந்த இரண்டாவது வரியையும், தம்பியும் சொன்னது என்பதை, அடித்துவிட்டேன். அதை எழுதவைத்தவன் நான், ஆகையால் அழிக்கிற பாத்தியதை எனக்கு உண்டு. நீ அன்றைக்குச் சொன்னது பொய் அல்ல. என் பொய்யை நீ சொன்னாய். இனி அதை நீ சுமக்க வேண்டாம்.

இப்போது செம்பூர் விஷயம். உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீ லீவில் வருவதற்கு முந்தின வாரமே நான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பெண்ணின் தகப்பனார் ரொம்ப நாள் சிநேகிதர், மரியாதைப்பட்ட மனுஷர், நம் பையனாச்சே என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் பால்கனியில் உன்னைக் கேட்டேன். கேட்டபோது எப்படிப் பார்த்திருப்பேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நீ தெருவைப் பார்த்ததும் அதனால்தானோ என்னவோ. நேற்று செம்பூருக்குப் போய், பையனிடம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை, தப்பு என்னுடையது, பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு வருத்தம்தான். கதவு வரைக்கும்கூட வரவில்லை. அந்தப் பெண் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள். சாதுவான பெண், கெட்டிக்காரி. மனசில்லாமல் வருகிற ஒருவனோடு ஆயுசு முழுக்க அவள் எதற்குக் குப்பை கொட்ட வேண்டும்? உனக்கு அவளைப் பிடித்திருந்தால் அதைப்போல எனக்குச் சந்தோஷம் கிடையாது. பிடிக்கவில்லை என்றாலும், வேறு யாரையாவது நினைத்திருந்தாலும், இப்போது கல்யாணமே வேண்டாம் என்றாலும், அதையும் எழுது. எனக்குக் கோபம் வரும். வராது என்று சொன்னால் அது இன்னொரு பொய். வந்தால் வரட்டும், நாலு நாள் யாரோடும் பேசாமல் இருப்பேன், அப்புறம் அம்மா காப்பியை வைத்துவிட்டு முறைப்பாள், சரியாகிவிடும். கடிதத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது பார், எழுதும்போது என் முகம் உனக்கு எதிரில் இருக்காது.

"சரிப்பா" என்று மட்டும் எழுதாதே. அது தவிர எதை எழுதினாலும் படிக்கிறேன்.

பதினொரு மணிக்குத் தபால்காரர் நம் பில்டிங்குக்கு வருவார். லீவு பாக்கி இருப்பதால் நாளையிலிருந்து இரண்டு வாரம் ஆபீஸுக்குப் போகப் போவதில்லை. அந்த நேரத்துக்குக் கீழே இறங்கிப் போய் கேட் பக்கத்தில் இருப்பேன். அங்கே கூர்க்கா உட்காருகிற ஸ்டூல் ஒன்று இருக்கிறது, நேற்று செம்பூரிலிருந்து திரும்பியபோது என்னைப் பார்த்து அதை நகர்த்திப் போட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் வருகிறவரைக்கும் நான் நிற்கிறேன்.

உன் அப்பா